முழுக் கறுப்பாக இருந்தால் அது ரேவனா?

வாசகர் கேள்வி, 16 ஜனவரி 2025

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். நேற்று கணுப்பிடி வைத்துவிட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தேன். வழக்கமாக வரும் காக்கைகள் எல்லாம் ஒதுங்கி நிற்க, பெரியதாக, முழுக் கறுப்பாக ஒன்று வந்து மஞ்சள் சாதத்தை அள்ளிக்கொண்டு போனது. கழுத்தில் சாம்பலே இல்லை. மகன் போனில் தேடிப் பார்த்து "அம்மா, இது ரேவன்" என்கிறான். வீட்டுப் பெரியவர்கள் ஆகாத பறவை வந்துவிட்டது என்று முகம் சுளிக்கிறார்கள். நம் ஊரில் ரேவன் உண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

16 ஜனவரி 2025, இரவு

ரேவன் இல்லை அக்கா. அண்டங்காக்கை. சந்தேகமே வேண்டாம்.

ரேவன் என்பது காக்கைக் குடும்பத்துப் பெரிய கறுப்புப் பறவை. இந்தியாவில் இருக்கிறது. ராஜஸ்தான், பஞ்சாப், கட்ச் என்று வடமேற்கின் வறண்ட நிலத்திலும் இமயமலையின் உயரத்திலும் இருக்கிறது. அங்கிருந்து இறங்கிக் காவிரிக் கரைக்கு வருகிற வழக்கம் அதற்குக் கிடையாது. தம்பி பார்த்தது வெளிநாட்டில் எடுத்த படமாக இருக்கும். பெரிய கறுப்புக் காக்கை என்று தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

டெல்டாவில் காக்கை என்று சொல்லத்தக்கவை இரண்டே. கழுத்தில் சாம்பல் உள்ள ஊர்க்காக்கை, முழுக் கறுப்பான அண்டங்காக்கை. வால்காக்கையும் அதே குடும்பம்தான், ஆனால் அதன் செம்பழுப்பு உடம்பையும் நீண்ட வாலையும் பார்த்த பிறகு யாரும் குழம்பப் போவதில்லை.

பெரியவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அது எங்கிருந்தோ வந்த பறவை இல்லை, உங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தது. புளியமரமும் தென்னந்தோப்பும் உள்ள கிராமத்தில் ஒரு ஜோடியாவது இருக்கும். அது வந்து சாதம் எடுத்ததில் ஒரு குறையும் இல்லை.

17 ஜனவரி 2025

"கழுத்தில் சாம்பல் இருந்தால் ஊர்க்காக்கை, இல்லாவிட்டால் அண்டங்காக்கை. இவ்வளவுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

விதி சரி. நம் ஊரில் அதை மட்டும் நம்பினால்தான் சிக்கல். ஊர்க்காக்கையில் சில உள்ளினங்கள் உண்டு. பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் உள்ளதற்குக் கழுத்து ரொம்ப வெளிறி இருக்கும், தெருக்கோடியிலிருந்தே தெரியும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளதற்கு அந்தச் சாம்பல் நன்றாகக் கருத்திருக்கும். கையேட்டுப் படத்தில் வடநாட்டுக் காக்கையைப் பார்த்துப் பழகியவர்கள் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பாதிக் காக்கைகளை அண்டங்காக்கை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். காலை வெயில் பறவைக்குப் பின்னால் இருந்தால் இருக்கிற கொஞ்சம் சாம்பலும் மறைந்துபோகும். ஐப்பசி மழையில் நனைந்த ஊர்க்காக்கையைப் பாருங்கள், தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் நிறத்தைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் அலகு.

எங்கள் வீட்டில் அம்மா கொல்லைச் சுவரில் சோறு வைப்பார். சமையலறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் சுவர். அங்கே அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தால் நான் மூச்சு விடாமல் நிற்பேன். அதன் மேலலகு கதிர் அரிவாளின் முதுகு மாதிரி வளைந்து இறங்கும். அடியில் தடிமன் அதிகம். மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு விறைப்பான சிறு மயிர்கள் முன்பக்கமாகப் படிந்திருக்கும். அலகு முடிகிற இடத்திலிருந்து நெற்றி செங்குத்தாக எழும்பும். ஊர்க்காக்கைக்கு அந்த எழுச்சி இல்லை, அலகும் நெற்றியும் ஒரே சரிவில் போகும், அலகும் ஒல்லி. சோற்றை எடுக்கும் விதத்திலும் வித்தியாசம் பார்க்கலாம். ஊர்க்காக்கை நின்று கொத்தும், சுற்றும் முற்றும் பார்க்கும், மறுபடி கொத்தும். அண்டங்காக்கை தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அலகின் முழு நீளத்தால் ஒரு கவளத்தை வாரிக்கொண்டு உடனே பறந்துவிடும். தென்னை மட்டையில் போய் உட்கார்ந்துதான் தின்னும்.

அளவு கேட்டிருந்தீர்கள். ஊர்க்காக்கை அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை சுமார் 42 செ.மீ., அண்டங்காக்கை 48 செ.மீ. அளவில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் இந்த வித்தியாசம் உதவும். தனியாக நிற்கிற காக்கையைப் பார்த்து "பெரிசா இருந்துச்சு" என்பதை நான் எடுத்துக்கொள்வதில்லை. குளிர்ந்த காலையில் இறகைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்க்காக்கையும் பெரிசாகத்தான் இருக்கும்.

19 ஜனவரி 2025

குரல் விட்டுப்போயிற்று. ஊர்க்காக்கையின் "கா, கா" தட்டையாக, கொஞ்சம் மூக்கால் வரும். அண்டங்காக்கைக்குத் தொண்டை அடியிலிருந்து கரகரப்பாக "கர்ர்... கா" என்று கனத்து வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே போதும். ஒரு வாரம் காலையில் காபி குடிக்கும் நேரத்தில் காதைக் கொடுங்கள், அப்புறம் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதே இருக்காது.

24 ஜனவரி 2025

நீடாமங்கலத்திலிருந்து ஒரு தம்பி படம் போட்டிருக்கிறார். "சின்ன அண்டங்காக்கை, வயிற்றில் வெள்ளைப் புள்ளி" என்று தலைப்பு. தம்பி, வாலைப் பாருங்கள். நுனியில் இரண்டாகப் பிரிந்து வெளிப்பக்கம் வளைகிறதே, அது கரிச்சான். இரட்டைவால் குருவி. வயிற்றில் வெள்ளைச் செதில்கள் இருப்பதால் இளம் பறவை. வளர்ந்த பறவையானால் உடம்பெல்லாம் பளபளக்கும் கறுப்பு, அலகு பிரிகிற மூலையில் மட்டும் மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. மொத்த நீளமே 28 செ.மீ. சுற்றுதான், அதிலும் பெரும்பங்கு வால்.

இப்போது சம்பா அறுவடை. அறுவடை மெஷின் ஓடுகிற வயலுக்குப் போய் வரப்பில் நில்லுங்கள். மெஷின் கிளப்பிவிடும் வெட்டுக்கிளியையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கக் கொக்குகள் தரையில் நடக்கும், கரிச்சான் மேலே கம்பியில் காத்திருக்கும். கிளம்பும், காற்றில் ஒரு வளைவு, பூச்சியோடு அதே கம்பிக்குத் திரும்பும். காக்கை அப்படி வேட்டையாடாது. உருவம் தெரியாத தூரத்திலும் இந்தப் போய்வரும் பழக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

வேளாண்துறைக்காரர்கள் நெல் வயலில் பறவைத் தாங்கி நடச் சொல்வது இதற்காகத்தான். டி வடிவத்தில் ஒரு குச்சி, அவ்வளவு செலவுதான். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும்போது நம் வயலில் கரிச்சான் உட்கார்ந்து வேலை பார்ப்பதைப் பார்க்க எனக்கு மனசு நிறையும். கதிர் முற்றியதும் தாங்கியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிகளுக்கும் அதுவே இருக்கையாகிவிடும்.

24 ஜனவரி 2025, சற்றுப் பிறகு

கரிச்சானிலும் ஒரு குழப்பம் உண்டு. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து சாம்பல் கரிச்சான் வரும். அதே இரட்டைவால், ஆனால் உடம்பு கருஞ்சாம்பல், கண் நல்ல சிவப்பு. நிழலில் உட்கார்ந்திருந்தால் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வெட்டவெளியில், மாட்டு முதுகில், மின்கம்பியில் என்றால் நம் கரிச்சான். தோப்புக்குள், மாமரத்தின் உள்கிளையில் என்றால் சாம்பல் கரிச்சானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

30 ஜனவரி 2025

நேற்று தை அமாவாசை. கும்பகோணத்தில் காவிரிப் படித்துறையில் தர்ப்பணம் முடித்தவர்கள் வாழையிலையில் பிண்டமும் எள்ளும் வைக்க, காக்கைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. நான் பார்த்த வரையில் அத்தனையும் ஊர்க்காக்கை. கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில் அதுதான் தைரியமாக வரும். ஒன்று பார்த்தால் கரைந்து பத்தைக் கூப்பிடும். அண்டங்காக்கை ஒன்றோ இரண்டோ எதிர்க்கரை மரத்தில் இருந்தன, ஆட்கள் குறைந்த பிறகே வந்தன. எங்கள் கிராமத்தில் நிலைமை வேறு. அங்கே அண்டங்காக்கைதான் முதலில் வரும், சின்னதுகள் வழிவிடும். அக்கா வீட்டு மாடியில் நடந்ததும் அதுவே.

முன்னோர் காக்கை வடிவில் வருகிறார்கள் என்று நம்பி வைக்கிறோம். எந்தக் காக்கை என்று சாஸ்திரத்தில் பிரிக்கவில்லை. சனி பகவானின் வாகனத்துக்கும் கழுத்துச் சாம்பல் உண்டா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. முழுக் கறுப்பாக வந்தால் கெட்ட சகுனம் என்பது பாவம், அந்தப் பறவைமேல் யாரோ ஏற்றிவைத்த பழி. எங்கள் அம்மா இரண்டுக்கும் ஒரே பருக்கைதான் வைக்கிறார்.

2 பிப்ரவரி 2025

"அகத்தியர் கமண்டலத்தைப் பிள்ளையார் காக்கை வடிவில் வந்து கவிழ்த்ததால் காவிரி ஓடியது என்கிறார்களே, அது எந்தக் காக்கை?" என்று கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி! சம்பவ இடம் குடகு. மலைக்காடு, பெரிய மரங்கள். அப்படிப்பட்ட இடம் அண்டங்காக்கைக்குத்தான் பொருந்தும், கமண்டலத்தைக் கவிழ்க்க அந்தத் தடித்த அலகும் வேண்டும். என் ஓட்டு அண்டங்காக்கைக்கு. ரேவன் இங்கேயும் போட்டியில் இல்லை.

9 பிப்ரவரி 2025

சித்தப்பா மகன் பிகானீரில் ராணுவ வேலையில் இருக்கிறான். இந்த விவாதத்தைப் படித்துவிட்டுத் தன் போனில் ரேவனைப் பதிவு செய்து அனுப்பினான். கேட்டதும் சிலிர்த்துவிட்டது. "கா" என்றே சொல்ல முடியாது, "க்ரோங்க்... க்ரோங்க்" என்று அடிவயிற்றிலிருந்து வரும் ஒலி. வீடியோவில் அது பறக்கும்போது வாலைக் கவனித்தேன். நடு இறகுகள் நீளமாக, ஓரத்தில் படிப்படியாகக் குறைந்து வால் நுனி ஆப்பு வடிவில் முடிகிறது. உட்கார்ந்தபோது தொண்டையில் நீண்ட இறகுகள் தாடியாகத் தொங்கின. உடம்பு 60 செ.மீ.க்கு மேல், எடை ஒரு கிலோவைத் தாண்டும். லண்டன் கோபுரக் கோட்டையில் ஆறு ரேவன்களாவது இருக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கிறார்களே, அதே இனம்.

அண்டங்காக்கையின் வாலும் நுனியில் லேசாக உருண்டிருக்கும், ஊர்க்காக்கையின் வாலைவிடக் கூடுதலாக. இணையத்தில் "ஆப்பு வால் இருந்தால் ரேவன்" என்று படித்தவர்கள் இதைப் பார்த்துத்தான் தடுமாறுகிறார்கள். ரேவன் வாலில் அந்த ஆப்பு யாரும் சொல்லாமலே கண்ணில் படும். இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருந்தால் அது ரேவன் வால் இல்லை.

தம்பியிடம் பக்கத்தில் ஊர்க்காக்கை இருந்தால் அதையும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த வெளிறிய கழுத்தை இங்கே எல்லோரும் பார்க்க வேண்டும்.

16 பிப்ரவரி 2025

வடுவூர் போய் வந்த ஒரு அண்ணன், "சாயங்காலம் ஆயிரக்கணக்கில் காக்கைகள் ஏரிக்கு அடைய வருகின்றன" என்று எழுதியிருக்கிறார். அண்ணே, அவை நீர்க்காகங்கள்.

அந்தி வெளிச்சத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பறக்கும் ஒழுங்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும். காக்கைகள் அடையப் போகும்போது சிதறலாக, ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, வழியில் ஒரு மரத்தில் இறங்கி ஏறிப் போகும். நீர்க்காகங்கள் வரிசை பிடித்துப் பறக்கும், கழுத்தை முன்னால் நீட்டியிருக்கும், இறக்கையடிப்பை அனேகமாக நிறுத்தாது, சத்தம் போடாது. உட்கார்ந்த பிறகு சந்தேகமே வராது. இரண்டு இறக்கையையும் விரித்து வைத்துக் காயப்போடும். அதன் இறகு தண்ணீரை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் ஆழத்தில் முங்கி மீன் பிடிக்க முடிகிறது. கரையேறினால் காய்ந்தாக வேண்டும்.

மூன்று வகை நம்மிடம் உண்டு. சின்ன நீர்க்காகம் 50 செ.மீ. அளவு, குட்டை அலகு. அடுத்தது இந்திய நீர்க்காகம், 63 செ.மீ. சுற்று, நீண்ட மெல்லிய அலகு, கண் நீலப்பச்சை. பெரிய நீர்க்காகம் 80 செ.மீ.க்கு மேல், அலகின் அடியில் மஞ்சள் தோல், தொண்டை வெளுப்பு. கூடவே கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேல் நெளிந்துகொண்டிருந்தால் அது பாம்புத்தாரா.

வடுவூர் 1999-இல் சரணாலயமானது. 2022-இல் அதற்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அரியலூர் கரைவெட்டிக்கு 2024 ஜனவரியில். இவை எல்லாம் பாசனத்துக்கு வெட்டிய ஏரிகள். மேட்டூரில் தண்ணீர் வந்தால் உழவனுக்கும் தண்ணீர், நீர்க்காகத்துக்கும் தண்ணீர். கோடையில் வற்றிவிடும், அதற்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

17 பிப்ரவரி 2025

ஏரியில் நீந்தும் கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை: நாமக்கோழி. வயலில் கும்பலாக நடக்கும் கருமை, அலகு கீழ்நோக்கி வளைந்தது: அரிவாள் மூக்கன். இரண்டையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு.

3 மார்ச் 2025

நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவர் கப்பலில் வேலை பார்க்கிறார். மொம்பாசா துறைமுகத்தில் எடுத்த படத்தைப் போட்டு "அண்ணா, இங்கேயும் நம்ம ஊர் காக்கா" என்கிறார். ஆமாம் தம்பி, ஊர்க்காக்கையேதான். 1890-களில் சான்சிபார் தீவில் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுவதும் பரவிவிட்டது. கப்பலில் தொற்றிக்கொண்டு நெதர்லாந்து வரைக்கும்கூடப் போயிருக்கிறது.

அங்கே உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்று 2024-இல் கென்ய அரசு பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. விஷம் வைத்து. படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அந்த ஊர்ச் சிறு பறவைகளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் நாம் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறோம், அதே பறவை அங்கே கொல்ல வேண்டியதாகிவிட்டது. கொண்டுபோய் விட்டவர்கள் மனிதர்கள், தண்டனை காக்கைக்கு.

அந்தப் படத்தின் ஓரத்தில் நெஞ்சும் பின்கழுத்தும் பளிச்சென்று வெள்ளையாக ஒன்று இருக்கிறது. அது ஆப்பிரிக்காவின் சொந்தக் காக்கை. நம்மவரின் சாம்பலையும் அந்த வெள்ளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

6 ஏப்ரல் 2025

பங்குனி பிறந்ததிலிருந்து குயில் பற்றித்தான் கேள்விகள். ஆண் குயில் முழுக் கறுப்பு. நீளமும் கிட்டத்தட்ட ஊர்க்காக்கை அளவு, 43 செ.மீ. ஆனால் பாதி வாலிலேயே போய்விடும், உடம்பு ஒல்லி. கண் ரத்தச் சிவப்பு. அலகு வெளிறிய பச்சை. காக்கையின் அலகு எந்த வெளிச்சத்திலும் கறுப்புதான், ஆகவே அலகு வெளுத்துத் தெரிந்தால் மேலே ஆராய வேண்டாம், அது குயில். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதை யாரும் காக்கை என்று சொல்வதில்லை.

நடத்தையிலும் பெரிய வித்தியாசம். காக்கை மொட்டைக் கிளையிலும் ஓட்டு முகட்டிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காரும். குயில் இலைக்குள் ஒளிந்துகொள்ளும், தரைக்கு இறங்குவது அரிது. ஆலும் அத்தியும் பழுத்தால் அங்கே தேடுங்கள். மஞ்சள் அரளிக் காயை ஆடு மாடு தின்றால் உயிருக்கே ஆபத்து, குயில் அதையும் தின்று செரித்துவிடும்.

எங்கள் வீட்டு எதிர் வேம்பில் ஊர்க்காக்கை கூடு கட்டியிருக்கிறது. சுள்ளியோடு கட்டுக்கம்பித் துண்டுகளும் கலந்த கூடு. (கஜா புயலில், 2018 நவம்பரில், பட்டுக்கோட்டை பக்கம் அத்தை வீட்டுத் தோப்பு முழுவதும் சாய்ந்த பிறகு, அங்கே காக்கைகள் செல்போன் கோபுரத்திலேயே கம்பியால் கட்டின. அந்தக் கூடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.) நேற்றுக் காலை ஆண் குயில் வெளிப்படையாகக் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூவியது. இரண்டு காக்கைகளும் சேர்ந்து துரத்தின. அப்போது பின்பக்கமிருந்து பழுப்பாக ஒன்று கூட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தது. மொத்தமும் ஒரு நிமிடம்கூட இல்லை. மேலே ஏறிப் பார்க்க முடியவில்லை, முட்டை இட்டதா என்று போகப் போகத் தெரியும்.

முட்டையை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: காக்கை முட்டை நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி, குயில் முட்டை அதைவிடச் சின்னது, நிறமும் மங்கல். தயவுசெய்து மரம் ஏறாதீர்கள். காக்கை மண்டையில் அடிக்கும், அதைவிட முக்கியம், ஆள் நடமாட்டம் கண்டால் கூட்டை விட்டுவிடும்.

20 ஏப்ரல் 2025

செம்போத்தைப் போட்டு "காக்கைக்கு இறக்கை சிவந்துவிட்டது, நோயா?" என்று கேட்டவருக்கு: நோய் இல்லை. இறக்கை செம்பு நிறம், உடம்பு கறுப்பு, கண் சிவப்பு, நடை தரையில், வேலியோரம். "ஊப், ஊப், ஊப்" என்று மதியத்தில் கேட்பது அதுதான். குயிலுக்குச் சொந்தம், ஆனால் தன் கூட்டைத் தானே கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும்.

15 ஜூன் 2025

மேட்டூர் திறந்தாயிற்று, குறுவைக்கு உழவு ஓடுகிறது. டிராக்டர் பின்னால் கரிச்சான். அதைப் பற்றி ஜனவரியில் எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். அதன் குணம்.

மோட்டார் கொட்டகை பக்கத்து வாகை மரத்தில் கரிச்சான் ஜோடி கூடு வைத்திருக்கிறது. கவட்டைக் கிளையில் ஒரு சிறு கிண்ணம், அடியிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லியது. அந்த மரத்துப் பக்கம் ஊர்க்காக்கை வந்தால் போதும், மேலிருந்து பாய்ந்து முதுகில் கொத்தும். பருந்தையும் விடுவதில்லை. தன்னைவிடப் பல மடங்கு கனமான பறவையை வயல் எல்லைவரை விரட்டிவிட்டுத்தான் திரும்பும். அதே மரத்தில் தாழ்ந்த கிளையில் புறாவும் கொண்டைக்குருவியும் கூடு வைத்திருக்கின்றன. காவல்காரன் வீட்டுப் பக்கத்தில் குடியிருப்பது அவற்றுக்கு வசதி. வைரி என்ற சிறு வேட்டைப் பறவையின் குரலை அப்படியே கரிச்சான் கத்திக் காட்டும், கேட்ட குருவிகள் பதறி ஓட, விட்டுப்போன இரையை இது எடுத்துக்கொள்ளும்.

ஆக, வானத்தில் பெரிய கறுப்பைச் சின்னக் கறுப்பு துரத்தினால் துரத்துவது கரிச்சான். பெரியது காக்கை. ஊர்க்காக்கையா அண்டங்காக்கையா என்பதற்கு இறக்கையைப் பாருங்கள். அண்டங்காக்கையின் இறக்கை அகலம், அடிப்பு நிதானம். ஊர்க்காக்கை வேகமாக அடிக்கும். தூரத்தில் அலகு உதவாது என்று கேட்டவர்களுக்கு இதுவும் குரலுமே பதில்.

27 ஜூலை 2025

ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போனவர்களிடமிருந்து நிறையப் படங்கள். இரண்டில் காக்கையின் வாய்க்குள் சிவப்பாக இருக்கிறது என்று பயந்திருக்கிறார்கள். இந்த வருஷத்துக் குஞ்சுகள். இளம் காக்கைக்கு வாயின் உட்புறம் இளஞ்சிவப்பு, வளர வளரக் கருத்துவிடும். குஞ்சின் கழுத்துச் சாம்பலும் தெளிவில்லாமல் அழுக்காக இருக்கும், அதனால் இந்த மாதங்களில் "சின்ன அண்டங்காக்கை" என்ற பதிவுகள் கூடும். பெரிய காக்கை பக்கத்தில் நின்று ஊட்டினால் அதன் கழுத்தைப் பாருங்கள், குஞ்சு எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

28 ஜூலை 2025

மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அது குயில். ஊட்டுவது காக்கை என்பதால் குஞ்சும் காக்கை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

10 ஆகஸ்ட் 2025

பாபநாசம் அக்கா ஒருவர் போட்டிருக்கும் வீடியோ அதற்குச் சரியான சாட்சி. முருங்கைக் கிளையில் ஊர்க்காக்கை, எதிரே இறக்கையைப் படபடவென்று அடித்து வாயைத் திறந்து கெஞ்சும் கறுப்புக் குஞ்சு. குஞ்சின் வால் அதன் உடம்புக்கு மீறிய நீளம். இறக்கையில் அங்கங்கே வெளிறிய புள்ளிகள். அலகு இன்னும் கறுப்பு, குஞ்சுக்கு அப்படித்தான், பெரியதானால் வெளுக்கும். கண்ணும் இன்னும் சிவக்கவில்லை. ஆக, ஏப்ரலில் நான் சொன்ன அலகும் கண்ணும் குஞ்சுக்குச் செல்லாது, வாலையும் ஒடிசலான உடம்பையும்தான் பார்க்க வேண்டும்.

குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாள் முன்னதாகவே பொரிந்துவிடும், அதனால் தீனியில் முன்னுரிமை. ஆனாலும் காக்கைக் குஞ்சுகளைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவதில்லை, இரண்டும் ஒரே கூட்டில் வளர்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் எதிர் வேம்பிலும் குஞ்சு வந்தது. இரண்டு காக்கை, ஒரு குயில். மூன்றுக்கும் அந்தக் காக்கை ஜோடி ஓடி ஓடி ஊட்டியதை அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். குயில் குஞ்சு வரும் நேரத்துக்குச் சுவரில் கூடக் கொஞ்சம் சோறு வைத்ததும் அவர்தான்.

பாபநாசம் அக்காவுக்கு: பதிவில் ஊர்க்காக்கை ஒன்று, குயில் ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள். வீடியோவையும் சேர்த்துப் போடுங்கள், தேதியோடு. காக்கை குயிலுக்கு ஊட்டும் பதிவு நம் மாவட்டங்களிலிருந்து இன்னும் நிறைய வேண்டும்.